கட்டுப்பல்லும் கழுவுநீரும்

ராஜீய விஷயங்களையும் சட்டசபை விவாதங்களையும் எதிர்பார்த்து இப்பக்கத்தைப் புரட்டும் நேயர்கள், இன்று பல் செட்டைப் பற்றிய வியாசத்தைக் கண்டு புன்னகை செய்யக்கூடும். தேசத்தில் எழுத வேறு விஷயம் அகப்படவில்லையா என்று சிலர் கேட்கவும் கூடும். கேள்வி நியாயமானதே. எனினும், ஒரு தேசத்தின் வயோதிகர்கள் எதை உண்கிறார்கள், எப்படி மென்று உண்கிறார்கள் என்பதும் அத்தேசத்தின் க்ஷேமத்தைச் சேர்ந்த விஷயமே. காந்தியடிகளின் பொக்கைவாய்ச் சிரிப்பை உலகமே அறியும். அவரும் பிற்காலத்தில் கட்டுப்பல் உபயோகித்தவரே. ஆகவே இவ்விஷயம் நமது கவனத்துக்குத் தகாதது என்று எவரும் கருத வேண்டியதில்லை.

இதை எழுதத் தூண்டிய சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். சில மாதங்களுக்கு முன் ஒரு முதியவர் நமது வக்கீல் அறைக்கு வந்தார். ஓய்வு பெற்ற பள்ளி உபாத்தியாயர். வயது 70-க்கு மேல். கைக்குட்டையில் சுற்றிக் கொண்டு வந்த ஒரு பொருளை எடுத்து மேஜைமீது வைத்தார். பென்ஷன் பணத்தில் மிச்சம் பிடித்து மூன்று வருஷங்களுக்கு முன் அவர் கட்டிக்கொண்ட பல் செட் அது. ஈறின் நிறமாக இருக்க வேண்டிய தளம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறியிருந்தது. பக்கத்துப் பற்களைப் பற்றிக்கொள்ளும் உலோகக் கொக்கிகள் கறுத்துப் போயிருந்தன. தளத்தின் மேற்பரப்பு விரலுக்குச் சொரசொரவென்று தட்டிற்று.

"வக்கீல் ஸார், பல் வைத்தியர் மட்டமான சரக்கை வைத்துக் கட்டி என்னை ஏமாற்றிவிட்டார். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?" என்றார் அவர்.

"ஐயா, இதைத் தினமும் எதில் கழுவுகிறீர்கள்?" என்று கேட்டோம்.

"இரவில் கொதிக்கும் வெந்நீரில் போட்டு, வீடு கழுவ வாங்கும் வெளுப்புத் திராவகத்தில் ஒரு மூடி ஊற்றி, விடியும் வரை ஊறவைப்பேன். காலையில் பற்பொடி போட்டு அழுத்தித் தேய்ப்பேன். இவ்வளவு சுத்தமாக வைத்திருந்தும் இந்தக் கதி!"

"இப்படிச் செய்யும்படி உங்களுக்கு யார் சொன்னார்கள்?"

"யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஸார். அதனால்தான் நானே யோசித்துச் செய்தேன்."

அவர் வழக்கு நிற்காது என்பது நமக்கு அப்பொழுதே விளங்கிவிட்டது. கெடுத்தது சரக்கின் மட்டமன்று. மூன்று வருஷ காலம் இடைவிடாமல் நடந்த சுத்தமே அதைக் கெடுத்தது. ஆனால் "யாரும் ஒன்றும் சொல்லவில்லை" என்ற அவர் வார்த்தை நம் மனத்தை விட்டு அகலவில்லை. இவ்வியாசம் அவ்வார்த்தைக்கு நாம் அளிக்கும் பதிலாகும்.

ஜார்ஜ் வாஷிங்டனின் பற்கள்

கட்டுப்பல்லைக் கழுவுநீர் கெடுப்பது இன்று நேற்று ஏற்பட்ட வியவகாரமன்று. அமெரிக்கக் குடியரசின் முதல் ஜனாதிபதியான ஜார்ஜ் வாஷிங்டன் 1789-ல் பதவி ஏற்றபொழுது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அவருடைய கட்டுப்பற்கள் மரத்தால் ஆனவை என்று ஒரு கதை வெகுகாலமாக வழங்குகிறது, அது பிழை. நீர்யானையின் தந்தம், மனிதப் பல், மிருகங்களின் பல், ஈயம் முதலியவற்றால் ஆனவை அவை. 1784-ஆம் வருஷத்துக் கணக்குப் புத்தகத்தில், நீக்ரோக்களிடமிருந்து ஒன்பது பற்கள் வாங்கியதற்காகப் பணம் கொடுத்ததாக ஒரு பதிவு உண்டு. சுதந்திரத்துக்காகப் போர் நடத்திய மகானின் வீட்டுக் கணக்கிலேயே அடிமைகளின் பல்லும் ஒரு சரக்காக ஏறியிருப்பதைக் காணும்பொழுது, விடுதலை என்ற சொல் யார் யாருக்கு எட்டியது, யார் யாருக்கு எட்டவில்லை என்பது தெளிவாகும்.

வாஷிங்டனுக்குப் பற்கள் செய்து கொடுத்தவர்களில் நியூயார்க் நகரத்து ஜான் கிரீன்வுட் முக்கியமானவர். 1798-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், பழுது பார்ப்பதற்காகத் தம்மிடம் வந்த பல் செட் மிகக் கறுத்துப் போயிருக்கக் கண்டு, அவர் தம் எஜமானருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் ஸாரம் இது: போர்ட் என்னும் திராட்சை மதுவில் பல்லை ஊறவைத்ததாலோ, அதை அருந்தியதாலோ இக்கறுப்பு ஏற்பட்டிருக்கிறது, அந்த மது புளிப்புள்ளதாகையால் மெருகைப் போக்கிவிடும், புளிப்புத் திராவகங்கள் யாவும் பல்லையும் எலும்பையும் மிருதுவாக்கும் தன்மையுடையவை, உணவுக்குப் பின் பல்லைக் கழற்றிச் சுத்தமான நீரில் இட்டுவிட்டு வேறு செட்டை அணிய வேண்டும், அல்லது தூரிகையும் மெல்லிய சுண்ணக்கட்டித் தூளும் கொண்டு துலக்க வேண்டும்.

தந்தத்திலும் பல்லிலும் உள்ள கெட்டியான பொருள் சுண்ணாம்பும் பாஸ்பரமும் சேர்ந்தது. புளிப்பு அதைக் கரைக்கும். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னிருந்த வைத்தியர், தாம் கையாண்ட வஸ்துவின் குணத்தையும் அதன் சத்துருவையும் அறிந்திருந்தார். அறிந்ததோடு நில்லாமல், உபயோகிப்பவருக்கு விளங்கும்படி அவருடைய பாஷையிலேயே எழுதியும் அனுப்பினார். இன்று எத்தனை கட்டுப்பற்கள் இப்படிப்பட்ட ஒரு கடிதத்துடன் நோயாளியின் கையில் சேர்கின்றன?

ரப்பரிலிருந்து அக்ரிலிக் வரை

தந்தத்துக்குப் பின் வந்தது வல்கனைட் என்னும் கெட்டி ரப்பர். கந்தகம் சேர்த்துச் சூடேற்றி ரப்பரை உறுதியாக்கும் முறையைச் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த பிறகு, 19-ஆம் நூற்றாண்டின் மத்தியில் பல் வைத்தியர்கள் அதைக் கையாளத் தொடங்கினர். தந்தத்தையும் தங்கத்தையும்விட விலை மலிவாகையால், சாமானியரும் பல் கட்டிக்கொள்ள அது வழி திறந்தது. ஆனால் அந்த வழியிலும் சுங்கச்சாவடி முளைத்தது. 1864-ல் கம்மிங்ஸ் என்ற பல் வைத்தியருக்கு அளிக்கப்பட்ட பேடண்ட் உரிமையைக் குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனி வாங்கிக்கொண்டு, வல்கனைட்டைக் கையாளும் ஒவ்வொரு வைத்தியரிடமும் கப்பம் வசூலித்தது. கொடுக்க மறுத்தவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அந்த உரிமை செல்லுமென்றே தீர்ப்பளித்தது. 1879-ல் அக்கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன் ஸான்பிரான்ஸிஸ்கோவில் ஒரு பல் வைத்தியரால் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையை நாம் ஆதரிக்கவில்லை. ஆயினும் ஏகபோகம் எவ்வளவு கசப்பை விளைவிக்கும் என்பதற்கு அது சாட்சியாக நிற்கிறது. 1881-ல் அவ்வுரிமை காலாவதியாயிற்று.

1930-களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வந்தது. பாலிமெத்தில் மெத்தக்ரிலேட் என்பது அதன் ரஸாயனப் பெயர். ஈறின் நிறத்தையும், உள்ளோடும் சிவந்த நாளங்களின் தோற்றத்தையும்கூட நிறப்பொடிகளாலும் மெல்லிய நூலிழைகளாலும் அதில் கொண்டுவரலாம். சில ஆண்டுகளுக்குள் அது வல்கனைட்டை அநேகமாக ஒழித்துவிட்டது. இன்றும் உலகில் கட்டப்படும் பல் செட்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே தளம். ஆகவே அக்ரிலிக்கின் குணங்களை அறிந்துகொண்டால், நமது வீட்டு முதியவர்களின் வாயிலிருப்பதைப் பற்றி அறிந்துகொண்டவர்களாவோம்.

நீரும் நெருப்பும்

அக்ரிலிக் பார்வைக்குக் கண்ணாடிபோல் வழவழப்பாயிருந்தாலும், அது நீரைக் குடிக்கும் வஸ்து. வாயிலிருக்கும் பல் செட் தன் எடையில் சுமார் 2 சதவீதம் நீரை மெல்ல மெல்ல உள்வாங்கி, மிகச் சிறிதளவு பருத்து, ஒரு நிலையில் நிற்கும். அந்நிலையில்தான் அது அண்ணத்தில் நன்றாகப் பொருந்துகிறது. கழற்றி மேஜைமேல் காற்றில் போட்டுவிட்டால் உள்ளே போன நீர் வெளியேறும். தளம் சுருங்கிக் கோணக்கூடும். ஒரு நாள் இப்படிச் செய்வதால் கண்ணுக்குத் தெரியும் கேடு இல்லை. தினந்தோறும் உலர்வதும் நனைவதுமாக இருந்தால், காலக்கிரமத்தில் பொருத்தம் தளர்ந்து, ஈறு புண்ணாகும். வாயிலில்லாத நேரமெல்லாம் பல் செட் நீரில் மூழ்கியிருக்க வேண்டும் என்ற விதிக்குக் காரணம் இதுவே.

நீர் நண்பனானாலும் கொதிநீர் பகைவனாகும். அக்ரிலிக்கைச் செய்யும்பொழுது அச்சில் அழுத்திச் சூடேற்றிக் குளிர்விக்கிறார்கள். அப்பொழுது உள்ளே அடைபட்ட இழுவிசைகள் பின்னரும் அதில் தங்கியிருக்கும். கொதிநீரில் இட்டால் தளம் இளகி, அவ்விசைகள் விடுபட்டு, வடிவம் மாறிவிடும். அன்றியும், குளிகைகளை மிகச் சூடான நீரில் போட்டு ஊறவைக்கும் வழக்கமே தளம் வெளிறுவதற்கு ஒரு முக்கிய காரணம் என்று சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. வெந்நீர் கிருமியைக் கொல்லும் என்ற நம் வீட்டு நியாயம் பாத்திரத்துக்குச் சரி. பல் செட்டுக்குச் சரியல்ல.

பற்பொடியின் கொடுமை

நம் பற்களை மூடியிருக்கும் எனாமல் மனித சரீரத்திலேயே மிகக் கெட்டியான பொருள். நூப் என்னும் அளவுகோலில் அதன் கடினம் 300-க்கு மேல். அக்ரிலிக்கின் கடினமோ சுமார் 20-தான். எனாமல் தாங்குவதை அக்ரிலிக் எங்ஙனம் தாங்கும்? உமிக்கரி, செங்கற்பொடி, உப்பு, மணல்போல் நறநறக்கும் பற்பொடி ஆகியவற்றால் பல் துலக்கிப் பழகிய கை, அதே பழக்கத்தில் கட்டுப்பல்லையும் தேய்க்கிறது. கடையில் விற்கும் பற்பசைகளிலும் தேய்ப்புத் துகள்கள் உண்டு. ஒவ்வொரு தேய்ப்பும் ஒரு நுண்ணிய கீறலை விட்டுச் செல்கிறது. ஒரு வருஷத்தில் மெருகு போகிறது. சில வருஷங்களில் தளமே தேய்கிறது.

மெருகு போனால் என்ன, அழகுக்கா பல் கட்டினோம் என்று கேட்கலாம். அழகு மட்டுமல்ல விஷயம். மேற்பரப்பின் சொரசொரப்பு ஒரு மில்லிமீட்டரில் 5,000-ல் ஒரு பங்குக்கு மேற்பட்டால், கிருமிப் படலம் அதிகமாகப் படிகிறது என்று 1997-ல் வெளிவந்த ஆராய்ச்சித் தொகுப்பு ஒன்று எடுத்துக்காட்டிற்று. கீறல்களில் கான்டிடா என்னும் பூஞ்சை குடியேறும். வெற்றிலைக் காவியும் காபிக் கறையும் அங்கேயே தங்கும். கறை தெரியவே மேலும் அழுத்தித் தேய்ப்போம். தேய்க்கத் தேய்க்கக் கீறல் பெருகும். கீறல் பெருகப் பெருகக் கறை ஏறும். இந்தச் சக்கரத்தில் அகப்பட்டுத்தான் நமது உபாத்தியாயர் தமது பல்லைத் தாமே அழித்துக்கொண்டார்.

வெளுப்புத் திராவகம்

ஸோடியம் ஹைபோகுளோரைட் என்பது வெளுப்புத் திராவகத்தின் உயிர்நாடி. அதன் குணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்: கிருமிகளையும் பூஞ்சையையும் கொல்வதிலும், படலத்தைக் கரைப்பதிலும், கறையைப் போக்குவதிலும் அதற்கு நிகரானவை சிலவே. ஆனால் படலத்தைக் கரைக்கும் அதே சக்தி, தளத்திலுள்ள நிறப்பொடியையும் நூலிழையையும் வெளுக்கச் செய்கிறது. குரோமியம், கோபால்ட் கலந்த உலோகச் சட்டத்தையும் கொக்கியையும் அது அரித்துக் கறுப்பாக்குகிறது. இக்கேடு ஒரே இரவில் நிகழ்வதன்று. நாள்தோறும் ஒரு அணுவாகச் சேர்வது. அதனால்தான் உபயோகிப்பவர் கேட்டை உணராமல், பளிச்சென்று வெளுத்ததைச் சுத்தத்தின் அடையாளமென்று எண்ணி மகிழ்கிறார்.

அமெரிக்கக் கட்டுப்பல் நிபுணர் சங்கம் 2011-ல் வெளியிட்ட வழிமுறைகளில் இதற்கு ஒரு வரம்பு விதித்தது: ஹைபோகுளோரைட் கலந்த எதிலும் பல் செட்டை 10 நிமிஷங்களுக்கு மேல் ஊறவைக்கலாகாது. கடையில் விற்கும் திராவகம் பெரும்பாலும் 5 சதவீத அளவில் இருக்கும். ஆராய்ச்சியாளர் கட்டுப்பல்லுக்குக் கையாள்வதோ 0.5 முதல் 1 சதவீதம் வரையிலான கரைசலே. உலோகம் கலந்த பல் செட்டுக்கு இதை உபயோகிக்காமலிருப்பதே நலம். மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. வெளுப்புத் திராவகத்துடன் காடியையோ, எலுமிச்சைச் சாற்றையோ, வேறு புளிப்புத் திராவகத்தையோ ஒருபொழுதும் கலக்கலாகாது. கலந்தால் குளோரின் என்னும் விஷவாயு எழும்.

நுரைக்கும் குளிகைகள்

இக்காலத்தில் மருந்துக் கடைகளில் விற்கப்படும் நுரைக்கும் குளிகைகள் வேறு வகை. ஸோடியம் பெர்போரேட் போன்ற உப்பு நீரில் கரைந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடைத் தருகிறது. சோடா உப்பும் எலுமிச்சைச் சத்தும் கூடி வாயுக் குமிழிகளை எழுப்புகின்றன. அக்குமிழிகள் அழுக்கை இளக்கும். பெராக்ஸைட் கறையையும் கிருமியையும் தாக்கும். அக்ரிலிக் தளத்துக்கு இவை வெளுப்புத் திராவகத்தைப் போலக் கொடியவையல்ல. விதித்த நேரம், விதித்த சூடு இவற்றை மீறாதவரை, நிறமும் உறுதியும் சிறிதளவே மாறுகின்றன. ஆயினும் கெட்டியாகப் படிந்த படலத்தைக் குளிகை மட்டும் அகற்றிவிடாது. தூரிகையின் உதவியும் வேண்டும். நுரை எழுவதைக் கண்டு கையைக் கட்டிக்கொண்டிருப்பவன் ஏமாந்து போவான்.

இக்குளிகைகள் பலவற்றில் பெர்ஸல்பேட் என்னும் உப்பும் சேர்ந்திருக்கும். அது சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. ஒரு மரணம் உட்பட 73 கடுமையான உபாதைகளைப் பற்றிய அறிக்கைகள் தனக்கு வந்ததாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008-ல் அறிவித்து, பொதிகளின் மேலுள்ள எச்சரிக்கையைத் திருத்தும்படி உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொண்டது. குளிகையை மெல்லுவதும், விழுங்குவதும், கரைத்த நீரால் வாய் கொப்புளிப்பதும் தவறு என்பதைத் தெளிவாக அச்சிட வேண்டுமென்பது அதன் கருத்து. மருந்துக் கடையில் வாங்கிய குளிகையாயிற்றே என்று விழுங்கிவிட்டவர்கள் அங்கேயே இருந்தார்களென்றால், லேபிலின் பாஷையே புரியாத இடங்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

ஒரே மருந்து எல்லாவற்றுக்கும் ஆகாது

காடி முதலிய புளிப்புகள் தந்தத்தைக் கரைத்ததுபோல் அக்ரிலிக்கைக் கரைப்பதில்லை. சுண்ணாம்புபோல் இறுகிப்போன அழுக்கை இளக்க நீர்த்த காடி உதவும். ஆனால் உலோகத்துக்கு அது ஆகாது. மதுசாரம் கலந்த வாய் கொப்புளிக்கும் திரவங்களும் உசிதமல்ல. மதுசாரம் அக்ரிலிக்கின் மேற்பரப்பை இளக்கி, மயிரிழை போன்ற வெடிப்புகளை உண்டாக்கும். அவ்வெடிப்பே பின்னால் முறிவுக்கு அடிகோலும். குளோர்ஹெக்ஸிடின் பூஞ்சைக்கு நல்ல மருந்தேயாயினும், நீடித்த உபயோகத்தில் பழுப்புக் கறையை விடும்.

ஈறு மெலிந்தவர்களுக்குத் தளத்தின் உட்புறத்தில் மெத்தைபோல் மிருதுவான ஒரு படிவம் இடுவதுண்டு. அதற்கு மிருதுத்தன்மை அளிக்கும் எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் தானாகவே கசிந்து வெளியேறும். கடுமையான கழுவுநீர் அதைத் துரிதப்படுத்தும். பிறகு மெத்தை கல்லாகிவிடும். வளையும் தன்மையுள்ள நைலான் பல் செட்கள் அக்ரிலிக்கைவிட மிருதுவானவை. தேய்த்தால் விரைவில் சொரசொரப்பாகும். அண்மைக் காலத்தில் கணிப்பொறியின் துணைகொண்டு, அக்ரிலிக் கட்டியிலிருந்து கடைந்தும், முப்பரிமாண அச்சில் வார்த்தும் பல் செய்கிறார்கள். முன்னது செறிவும் உறுதியும் உடையது; பின்னதில் கையாளும் பிசின்கள் வேறு வகையானவை, கறையை ஏற்பதிலும் நீரை உறிஞ்சுவதிலும் ஒன்றுக்கொன்று மாறுபடுபவை. ஆகவே தம் வாயிலிருப்பது எவ்வகை வஸ்து என்பதை ஒவ்வொருவரும் வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது முதற் கடமை.

கழுவாமல் விட்டால்?

இவ்வளவு அபாயம் உண்டென்றால் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதே மேலல்லவா என்று சோம்பலுக்கு வக்காலத்து வாங்குவோர் சிலர் இருப்பர். அது பெரும் பிழை. கழுவாத கட்டுப்பல்லில் பூஞ்சை வளர்ந்து, அண்ணம் சிவந்து புண்ணாகும். அதனினும் பெரிய ஆபத்து சுவாசப்பையைச் சேர்ந்தது. ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 முதியவர்களை மூன்று வருஷங்கள் கவனித்து 2015-ல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், பல் செட்டுடனேயே உறங்கியவர்களுக்கு நிமோனியா ஜுரம் காணும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததாகத் தெரிந்தது. தூக்கத்தில் எச்சிலோடு கிருமிகள் மூச்சுக் குழாயில் இறங்குவது முதியவர்களுக்கு எளிதில் நேர்வது. ஆகவே சுத்தம் அவசியம். இரவில் கழற்றுவதும் அவசியம். வஸ்துவைக் கொல்லாமல் கிருமியைக் கொல்லும் சுத்தமே நாம் வேண்டுவது.

அதற்கு வழி கடினமானதன்று. உணவு கொண்டபின் ஒவ்வொரு முறையும் பல்லைக் கழற்றிக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். தினம் ஒரு முறை, மிருதுவான தூரிகையும் தேய்ப்புத் துகள் இல்லாத சாதாரணச் சோப்பும் கொண்டு, உட்புறமும் வெளிப்புறமும் துலக்க வேண்டும். கை தவறிக் கீழே விழுந்தால் உடையாமலிருக்க, நீர் நிரப்பிய பாத்திரத்தின் மேல் பிடித்துத் துலக்குவது நலம். கட்டுப்பல்லுக்கென்று செய்த குளிகையை உபயோகிப்பவர்கள் பொதியிலுள்ள நேரத்தையும் சூட்டையும் மீறலாகாது. பின்பு நன்றாக அலசிய பிறகே வாயில் வைக்க வேண்டும். இரவில் சுத்தமான குளிர்ந்த நீரில் இட்டு மூடி வைத்து, அந்நீரைத் தினமும் மாற்ற வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறையேனும் வைத்தியரிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். இவற்றில் பெரும்பகுதிக்கு ஒரு காசும் செலவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இனி நமது தொழிலைச் சேர்ந்த ஒரு வார்த்தை. உபாத்தியாயர் சென்ற பிறகு, கழுவுநீர்ப் புட்டிகளையும் குளிகைப் பொதிகளையும் வரவழைத்துப் பார்த்தோம். எச்சரிக்கைகள் இருந்தன, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தன. தமிழில் ஒரு வரியும் காணோம். இது சட்டவிரோதமா என்றால், இல்லை. பொதியப்பட்ட பொருள்களைப் பற்றிய 2011-ஆம் வருஷத்துச் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, பொதியின்மேல் அவசியம் அச்சிட வேண்டிய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். வேறு பாஷையிலும் சேர்த்து அச்சிடலாம். அதற்குத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. விலையையும் எடையையுமே தமிழில் சொல்ல வேண்டாமென்று விட்ட பிறகு, உபயோகிக்கும் முறையைத் தமிழில் சொல்ல எந்த வியாபாரி தானாக முன்வருவான்?

2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை, விலை முதலியவற்றைப் பற்றித் தெரிவிக்கப்படும் உரிமை வாங்குவோனுக்கு உண்டென்று பிரகடனம் செய்கிறது. தெரிவிப்பது என்றால் என்ன? கேட்பவனுக்கு விளங்காத பாஷையில் முணுமுணுத்துவிட்டு, சொல்லியாயிற்று என்பது தெரிவித்தலாகுமா? கோர்ட்டில் சாட்சிக்குப் புரியாத பாஷையில் கேள்வி கேட்டால், மொழிபெயர்ப்பாளரை அழைக்கிறார்கள். வாயில் வைக்கும் பொருளுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டாமா? ஆங்கிலம் கற்றவன் வக்கீலானால் அவனுக்கு லேபில் புரியும். உபாத்தியாயருக்குப் புரியவில்லையென்றால் அது அவர் குற்றமென்று ஒதுக்கிவிடுவது சுயராஜ்யத்தின் நியாயமாகாது.

ஆகையால் நாம் கோருவன இரண்டு. முதலாவது, உடலுக்குள் செல்லும் பொருள்கள், உடலோடு ஒட்டி உபயோகமாகும் பொருள்கள், அவற்றைச் சுத்தம் செய்யும் சரக்குகள் ஆகியவற்றின் உபயோக முறையும் எச்சரிக்கையும், விற்பனையாகும் பிரதேசத்தின் பாஷையில் படிக்கத்தக்க எழுத்தில் இருக்க வேண்டுமென்று விதிகளைத் திருத்த வேண்டும். இரண்டாவது, பல் செட்டைக் கொடுக்கும் ஒவ்வொரு வைத்தியரும், சர்க்கார் ஆஸ்பத்திரியாயினும் தனி வைத்தியசாலையாயினும், அது எவ்வகை வஸ்து, எதில் கழுவலாம், எதில் கழுவலாகாது என்பதை ஒரு துண்டுத் தமிழ்க் காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். முதலாவதற்குச் சட்டசபையும் பார்லிமெண்டும் வேண்டும். இரண்டாவதற்கு வைத்தியரின் மனம் ஒன்றே போதும். ஜான் கிரீன்வுட் 1798-ல் செய்ததை இன்று செய்ய இயலாதென்று எவர் சொல்வார்?

ஊர்தோறும் உழைக்கும் தொண்டர்களுக்கும் இதில் வேலை உண்டு. கூட்டம் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றுவது மட்டுமே பொதுத் தொண்டு அன்று. தெருவில் எத்தனை முதியவர்கள் கட்டுப்பல் அணிகிறார்கள், எதில் ஊறவைக்கிறார்கள் என்று கேட்டறிந்து, பிழையிருந்தால் பணிவோடு எடுத்துச் சொல்வதும் தேச சேவையே.

உபாத்தியாயர் வழக்குப் போடவில்லை. போட்டிருந்தாலும் ஜயித்திருக்க மாட்டார் என்பதை அவருக்கு விளக்கியபொழுது, சிறிது நேரம் மௌனமாயிருந்து, "அப்படியானால் தவறு என்னுடையதுதானா?" என்று கேட்டார். இல்லை என்றே பதில் சொன்னோம். இன்றும் அதுவே நமது பதில். பின்னர் அவர் வேறொரு வைத்தியரிடம் புதிய செட் கட்டிக்கொண்டார். கையில் வாங்குமுன், கழுவும் முறையைத் தமிழில் எழுதித் தந்தால்தான் ஆயிற்று என்று பிடிவாதம் செய்து வாங்கி, அக்காகிதத்தைத் தமது வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் சுவரில் ஒட்டியிருக்கிறார். அவர் கேட்டு வாங்கியது, கேளாமலே எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்.